காது கொடுக்க ஆளில்லாத இடத்தில் பேசும் இயந்திரம்

கலஹாவிலிருந்து கண்டிக்கு இறங்கும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இருந்த பையன் திரும்பி, போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான். தொண்டைப் புற்றுநோயில் குரல் போன ஹொலிவூட் நடிகர் வால் கில்மரின் பழைய குரலைக் கணினி மீண்டும் உண்டாக்கிப் பேசவைத்த வீடியோ. "பாத்தீங்களா அண்ணே? இனி எவனுக்கும் குரல் போச்சேன்னு கவல இல்ல. மெசினே பேசிக் குடுத்துரும்" என்றான். ஹந்தானைப் பக்கம் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. என் பக்கத்தில், முந்தானையால் வாயைப் பொத்தியபடி பெரியம்மா. நாக்கில் பாதிக்கு மேல் வெட்டி எடுத்து எட்டு மாதம். அன்று கிளினிக் நாள். அவர் பையனைப் பார்த்து ஏதோ சொன்னார். அவனுக்கு விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை. அவன் மரியாதையாகத் தலையை ஆட்டிவிட்டு வீடியோவுக்குத் திரும்பினான். நானும் தலையை ஆட்டிவைத்தேன்.

அந்தப் பையன் சொன்னதைத்தான் இன்று பத்திரிகையும் தொலைக்காட்சியும் படித்தவர்களும் சொல்கிறார்கள். புற்றுநோய் பறித்த குரலைத் தொழில்நுட்பம் மீட்டுத் தந்துவிட்டது. இன்று பிரபலங்களுக்குக் கிடைப்பது நாளை எல்லாருக்கும் கிடைக்கும். அதுவரை கொஞ்சம் பொறுத்திருந்தால் போதும். கேட்க இதமாக இருக்கிறது. ஆனால் அந்தப் பிரபலங்களின் கதையையே ஒழுங்காகப் படித்தால் இந்த முடிவு நிற்காது. அவர்களுக்குக் குரலைத் திருப்பிக் கொடுத்தவர்கள் வேறு ஆட்கள். இயந்திரம் கடைசியாக வந்து, புகைப்படத்தில் முன்வரிசையில் நின்றுகொண்டது.

முதலில் கில்மரையே எடுப்போம். 2021-ல் லண்டனைச் சேர்ந்த சொனாண்டிக் நிறுவனம் அவருடைய பழைய ஒலிப்பதிவுகளைக் கொண்டு ஒரு குரலைச் செய்தது உண்மை. அதற்கடுத்த ஆண்டு வந்த 'டொப் கன்: மாவரிக்' படத்தில் அவர் பேசும் அந்தச் சில வரிகளும் ஏஐ செய்த குரல்தான் என்று உலகம் முழுக்க எழுதினார்கள். இன்றைக்கும் பலர் அப்படித்தான் நம்புகிறார்கள். படத்தின் இயக்குநர் ஜோசப் கோசின்ஸ்கி சொன்னது வேறு. திரையில் கேட்பது கில்மரின் சொந்தக் குரல். தெளிவுக்காக ஒலியைச் சற்றுத் துப்பரவாக்கியதோடு சரி. கரகரத்து, மூச்சுக்குத் தவித்து, உடைந்து வந்த அதே குரல். கொட்டகையில் அதைக் கேட்டு அழுதவர்கள் ஒரு நோயாளியின் தொண்டையைக் கேட்டுத்தான் அழுதார்கள். பாராட்டு மட்டும் கணினிக்குப் போய்ச் சேர்ந்தது.

இதை நம் ஊர் வழியாக வந்துபோன இன்னொரு நடிகரோடு ஒப்பிட்டால்தான் விஷயம் விளங்கும். 1957-ல் வெளியான 'குவாய் ஆற்றுப் பாலம்' படத்துக்கு கித்துல்கலையில் பாலம் கட்டித் தகர்த்த கதை எல்லாருக்கும் தெரியும். அதே படத்தில் பிரித்தானியப் படையின் பயிற்சி முகாமாக வருவது நம் பேராதனைப் பூங்கா. அங்கே மேஜர் வார்டனாக நடித்தவர் ஜக் ஹோக்கின்ஸ். கனத்த, கட்டளையிடும் குரல். அவருடைய சொத்தே அதுதான். 1966-ல் தொண்டைப் புற்றுநோய்க்காகக் குரல்வளையை முழுவதும் அகற்றினார்கள். உணவுக்குழாயில் காற்றை வாங்கி, ஏப்பம்போல வெளியே விட்டுப் பேசும் முறையை அவர் பழகிக்கொண்டார். அவருக்குப் பேச்சு வந்துவிட்டது. ஆனால் அந்தப் பேச்சைத் திரையில் கேட்க சினிமா தயாராக இல்லை. அதன்பின் அவர் நடித்த படங்களில் பெரும்பாலும் சார்ல்ஸ் கிரே, ரொபர்ட் ரியெட்டி போன்றவர்களே அவருக்குக் குரல் கொடுத்தார்கள். 1973-ல், செயற்கைக் குரலுக்கான புதிய கருவியைப் பொருத்திக்கொள்ளச் சத்திரசிகிச்சைக்குப் போனார். அதன்பின் ஏற்பட்ட இரத்தப்போக்கில் இருந்து மீளவில்லை. 62 வயதில் போய்ச் சேர்ந்தார்.

1966-ல் உடைந்த குரலைத் திரையில் மறைத்தார்கள். 2022-ல் அதே மாதிரி உடைந்த குரலைத் திரையில் வைத்தார்கள். இந்த 56 ஆண்டுகளில் கணினி எவ்வளவோ வளர்ந்தது என்பீர்கள். ஆனால் இந்த இரண்டு நடிகர்களுக்கு இடையே மாறியது கேட்பவனின் காது. ஹோக்கின்ஸைக் கேட்க அன்று காது இல்லை. கில்மரைக் கேட்க இன்று இருந்தது. குரல் திரும்பியது அந்த இடத்தில்தான்.

'கருவி' என்ற சொல்லே ஏதோ நேற்று வந்த அதிசயம்போல ஒலிக்கிறது. அதுவும் சரியில்லை. முழுக் குரல்வளையையும் முதன்முதலில் புற்றுநோய்க்காக அகற்றியவர் வியன்னாவின் தியோடர் பில்ரோத். நாள் 1873 டிசம்பர் 31. அந்த நோயாளிக்கே பில்ரோத்தின் உதவியாளர் கார்ல் குஸ்ஸன்பவர், நாதஸ்வரத்துச் சீவாளி மாதிரி அதிரும் உலோகத் தகடு வைத்த செயற்கைக் குரல்வளை ஒன்றைச் செய்துகொடுத்தார். நோயாளியும் பேசினார். ஆக, வெட்டிய கத்திக்கும் பேசவைத்த கருவிக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஒன்றரை நூற்றாண்டாகக் கருவி இருக்கிறது. கருவி இருப்பதாலேயே எல்லாருக்கும் குரல் வந்துவிடும் என்றால், இந்நேரம் வந்திருக்க வேண்டும்.

இந்த வாதத்துக்கு எதிராக எல்லாரும் எடுத்துக்காட்டும் ஆள் ரொஜர் ஈபர்ட். எனக்கு அவர்தான் சாட்சி. 1967 முதல் சிக்காகோ சன்-டைம்ஸில் சினிமா விமர்சனம் எழுதியவர். 1975-ல் புலிட்சர் பரிசு பெற்றவர். தைரொய்டில் தொடங்கிய புற்றுநோய் 2006-ல் அவருடைய தாடையையும் பேச்சையும் சாப்பாட்டையும் கொண்டுபோனது. எடின்பரோவின் செரிப்ரொக் நிறுவனம், அவர் பழைய படங்களுக்காகப் பதிவுசெய்திருந்த டிவிடி விளக்க உரைகளை எடுத்து, அவருடைய குரலிலேயே ஒரு கணினிக் குரலைச் செய்தது. 2010 மார்ச்சில் ஒப்ரா வின்ஃப்ரேயின் நிகழ்ச்சியில் அதைப் போட்டுக் காட்டினார். மனைவி சாஸின் கண் கலங்கியதை உலகமே பார்த்தது. நம்மவர்கள் கதையை அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள்.

அடுத்த ஆண்டு அவர் டெட் மேடைக்கு வந்தார். தன் பெயரில் செய்யப்பட்ட குரல் கையில் இருந்தும், அன்று பெரும்பாலும் பேசியது ஆப்பிள் கணினியில் எல்லாருக்கும் கிடைக்கும் 'அலெக்ஸ்' என்ற பொதுக் குரல். மீதியை மனைவி சாஸும், நண்பர்களான டீன் ஓர்னிஷும் ஜோன் ஹன்டரும் பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய தாளைப் பார்த்து வாசித்தார்கள். இயந்திரக் குரலை நீண்ட நேரம் கேட்டால் சபை களைத்துவிடும் என்று அவருக்குத் தெரியும். கணினிக் குரலுக்கு அவர் வைத்த பரீட்சையும் அதே மேடையில் வந்ததுதான்: ஒரு நகைச்சுவையை, நேரம் பிசகாமல் சொல்லிச் சபையைச் சிரிக்கவைக்க வேண்டும். பரீட்சைத் தாளைத் திருத்துவது யார் என்று பாருங்கள். சிரிக்கிற சனம்.

ஈபர்டுக்குக் குரல் மீண்ட வழியை வரிசையாகச் சொல்கிறேன். நாற்பது வருடம் எழுதிப் பழகிய கை. அந்தக் கையின் எழுத்துக்காகக் காத்திருந்த இலட்சக்கணக்கான வாசகர்கள். ஸ்டூடியோவில் தனியாகப் பேசிச் சேமித்துவைத்த, இரைச்சலில்லாத பல மணிநேர ஒலிப்பதிவு. எல்லாத் தொழில்நுட்பமும் முதலில் வந்து இறங்கும் ஆங்கிலம். அவசரப்படாத மனைவி. இத்தனைக்கும் பிறகு மென்பொருள். நாம் இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, மென்பொருள் வந்தால் மற்றதெல்லாம் தானாக வரும் என்கிறோம்.

இப்போது பெரியம்மாவிடம் வருவோம். பஸ் பல்கலைக்கழக வளாகத்தைத் தாண்டுகிறது. பேராதனையில்தான் நாட்டின் மூத்த பல் மருத்துவ பீடமும், ஜப்பானிய உதவியோடு கட்டிய பல் போதனா வைத்தியசாலையும் இருக்கின்றன. வாய்ப் புற்றுநோய் பற்றி உலகம் மதிக்கும் ஆராய்ச்சி இங்கிருந்து போயிருக்கிறது. காரணம் பெருமைப்படக்கூடியதல்ல. இலங்கை ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் வாயிலும் அதை ஒட்டிய இடங்களிலும் வருவதுதான். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை. புகையிலை சேராவிட்டாலும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004-ல் உறுதியாக எழுதிவிட்டது. பெரியம்மா பதினாலு வயதில் தேயிலை பறிக்க மலைக்கு ஏறியவர். கொழுந்துக் கூடையோடு வெற்றிலைப் பையும் போகும். பசிக்கும் குளிருக்கும் அட்டைக்கடி எரிச்சலுக்கும் அதுதான் மருந்து.

தொல்காப்பியத்தின் பிறப்பியல், எழுத்து பிறக்கும் இடங்களாக எட்டைக் கணக்கிடுகிறது: தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம். ஹோக்கின்ஸும் கில்மரும் இழந்தது மிடற்றின் குரல். கண்டி மலைகளில் நோய் எடுப்பது பெரும்பாலும் நாவையும் கன்னத்தையும் தாடையையும். இரண்டும் ஒன்றல்ல. மிடறு போனால் ஒலி போகும். நாவும் உதடும் சொல்லைச் செய்யக் காத்திருக்கும். அவற்றுக்கு வேண்டியது ஏதோ ஒரு வழியில் அதிரும் காற்று மட்டும். நா போனால் ஒலி நிறையவே வரும். அதைச் சொல்லாக வெட்டித்தரக் கத்தி இருக்காது. பெரியம்மாவின் குரல் அதே பழைய குரல்தான். மலையில் நின்று கூப்பிட்டால் லயத்து வீடுகளுக்குக் கேட்ட குரல். அதைக் கணினியில் மறுபடி செய்துகொடுப்பதால் அவருக்கு என்ன இலாபம்?

அவரிடம் எஞ்சியவை உதட்டில் பிறப்பவை. அம்மா, மாமா, பாப்பா ஆகியவை பழுதில்லாமல் வருகின்றன. குழந்தை முதலில் பழகும் சொற்கள். நாக்கின் நுனி மேலே தொட்டுப் பிறக்கும் த, ந, ட, ண, ல, ர எல்லாம் போய்விட்டன. ஆயுள் முழுக்கத் தேயிலை பறித்த மனுசி. வீட்டில் அவரால் கேட்டு வாங்க முடியாத பொருள் தேத்தண்ணி.

இதற்குப் பயிற்சி உண்டு. மிச்சமிருக்கிற நாக்கை எங்கே கொண்டுபோனால் 'த' போலக் கேட்கும், எந்தச் சொல்லுக்குப் பதில் எந்தச் சொல்லைப் போட்டால் சமாளிக்கலாம் என்று பேச்சு சிகிச்சையாளர் கற்றுத்தருவார். பெரியம்மாவுக்கும் அப்படி ஒருவர் கிடைத்தார். நல்ல பிள்ளை, பொறுமையான பிள்ளை. சிங்களம் மட்டுமே பேசுவார். கையில் தந்த பயிற்சித் தாளும் சிங்களச் சொற்கள். பெரியம்மாவைத் தண்ணீருக்கு 'வத்துர' என்று சொல்லச் சொல்லி மூன்று வாரம் பழக்கினார்கள். லயத்துக்குத் திரும்பி யாரிடம் அவர் 'வத்துர' கேட்பார்? இடையில் நின்று மொழிபெயர்த்தது எட்டு வயதுப் பேத்தி. அந்த இளம் சிகிச்சையாளரை நான் குறைசொல்ல மாட்டேன். தமிழ் பேசும் நோயாளி வருவார் என்று இந்த மாகாணத்தில் எதிர்பார்க்காத ஏற்பாட்டைத்தான் சொல்கிறேன்.

"தொழில்நுட்பம் இதையும் தீர்க்கும், நீ அவசரப்படாதே" என்று ஒரு நண்பர் என்னோடு சண்டைக்கு வந்தார். அவர் வாதம் மூன்று. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஒன்று, இப்போது தமிழிலும் கணினிக் குரல் வந்துவிட்டது. வந்துவிட்டதுதான். மைக்ரோசொப்ட் இலங்கைத் தமிழுக்கென்றே குமார், சரண்யா என்ற பெயரில் இரண்டு குரல்களை வைத்திருக்கிறது. நல்ல காரியம். ஆனால் குமாரும் சரண்யாவும் எழுதிக் கொடுத்ததைத்தான் வாசிப்பார்கள். ஈபர்ட் எழுத்தாளர், விரல் நுனியில் சொல் இருந்தது. பெரியம்மாவின் விரல் நுனிக்குத் தெரிந்தது இரண்டு இலையும் ஒரு மொட்டும். கையெழுத்துப் போடவே பேத்தி பிடித்துக் காட்ட வேண்டும். எழுதத் தெரிந்தவனுக்கு மட்டும் பேச்சைத் திருப்பித் தரும் கருவியைப் 'பேச்சு இழந்தவர்க்கான கருவி' என்று கூப்பிடுவதில் நேர்மை இல்லை.

இரண்டு, விலை இறங்கும். இறங்கலாம், இறங்கியும் இருக்கிறது. பெங்களூரின் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சை நிபுணர் விஷால் ராவ், குரல்வளை அகற்றப்பட்டவர்களுக்காகச் செய்த 'ஓம்' என்ற குரல் கருவி அறிமுகமானபோது அதன் விலை ஏறக்குறைய 50 இந்திய ரூபாய். வெளிநாட்டிலிருந்து வந்த அதே வகைக் கருவிக்கு அங்கே ஆயிரக்கணக்கில் கொடுக்க வேண்டியிருந்தது. ஆனால் அந்த விலை சந்தையில் காத்திருந்து தானாக இறங்கவில்லை. கருவி வாங்க வழியில்லாமல் பேச்சின்றி நின்ற ஏழை நோயாளியின் நிலையை ஒரு வைத்தியர் தன் வேலையாக எடுத்துக்கொண்டதால் இறங்கியது. அங்கேயும் முதலில் காது, பிறகு கருவி.

மூன்று, குரலைச் சேமித்துவைத்தால் பிற்காலத்தில் உதவும். இதை நான் மறுக்கவில்லை. ஆனால் யாருடைய குரல் சேமிப்பில் இருக்கிறது என்று கேட்கிறேன். 2024 ஜனவரியில் கொழும்பில் புற்றுநோயால் இறந்த பாடகி பவதாரிணியின் குரலை, அதே ஆண்டில் 'கோட்' படத்தின் பாட்டு ஒன்றில் அவருடைய தம்பி யுவன் ஷங்கர் ராஜா ஏஐ கொண்டு ஒலிக்கவைத்தார். பாடகியின் குரல் பல வருடப் பதிவாக இருந்தது; முடிந்தது. இறந்தவர் குரலை அப்படி எடுக்கலாமா என்பது தனி வழக்கு, இங்கே வேண்டாம். மலையகத்துக்கு வாருங்கள். தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் மனைவி மீனாட்சி அம்மாள் 1930களிலும் 40களிலும் தோட்டங்களில் பாடிக் கூட்டம் சேர்த்தவர். பாடியதைப் புத்தகமாக அச்சிட்டார்கள். நமக்கு எழுத்து கிடைத்தது, குரல் கிடைக்கவில்லை. கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை தொகுத்த தோட்டத்துப் பாடல்களும் தாளில்தான் இருக்கின்றன. பாடிய பெண்களின் தொண்டை அதில் இல்லை. தலைவிக்கே இந்தக் கதி என்றால், பெரியம்மாவுக்கு எது பதிவு? கல்யாண வீட்டு வீடியோவில் மேளச் சத்தத்துக்கு நடுவே ஒரு 'வாங்க'.

என் நண்பர் கடைசியாக ஒன்று கேட்டார்: "அப்ப மெசினே வேண்டாங்கிறியா?" வேண்டும். ஆனால் வாய்க்குப் பதில் காதாக வேலைசெய்யும் இயந்திரம் முதலில் வேண்டும். கூகுள் 2019-ல் அறிவித்த யூஃபோனியா என்ற திட்டம், சிதைந்த பேச்சைப் புரிந்துகொள்ளக் கணினியைப் பழக்குவது. அது ஆங்கிலத்தில் தொடங்கியது. பெரியம்மா சொல்லும் உடைந்த 'தேத்தண்ணி'யைப் புரிந்துகொண்டு முழுதாகச் சொல்லும் போன் ஒன்று வந்தால் நானே முதல் ஆளாக வாங்குவேன். அதைப் பழக்கவும் பெரியம்மா மாதிரி நூற்றுக்கணக்கானவர்களிடம் யாராவது உட்கார்ந்து, என்ன சொன்னார் என்று விளங்கும்வரை கேட்டு, எழுதிவைத்தாக வேண்டும். சுற்றிச் சுற்றி அதே வாசலுக்குத்தான் வருகிறோம்.

நோய் தொடங்கிய இடத்திலும் இதே குறைதான். பெரியம்மாவின் நாக்கின் இடது ஓரத்தில் வெள்ளையாக ஒரு திட்டு முதலில் வந்தது. எரிகிறது என்று சொன்னார். சுண்ணாம்பு கூடிப்போச்சு என்றோம். கண்டிக்குப் போனால் ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போகும்; பாதியில் திரும்பினாலும் அரைப் பேர்தான் விழும். மாதங்கள் கடந்தன. இத்தனைக்கும் இதற்கு வழி என்ன என்று இந்த நாட்டுக்கு நாற்பது வருடமாகத் தெரியும். சமன் வர்ணகுலசூரியவும் சக ஆய்வாளர்களும் உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் 1984-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இலங்கையின் ஆரம்ப சுகாதார ஊழியர்கள் 34 பேர், ஒரே வருடத்தில் 28,000க்கும் மேற்பட்டவர்களின் வாயைத் திறந்து பார்த்தார்கள். சந்தேகப்படும் புண்ணை அவர்களால் சரியாக அடையாளம் காண முடியும் என்று நிரூபித்தார்கள். அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: மேலதிகப் பரிசோதனைக்குப் போகச் சொல்லப்பட்டவர்களில் பாதிக்குச் சற்று அதிகமானவர்களே போனார்கள். மிச்சப் பேர் ஏன் போகவில்லை என்று அரைப் பேர் வாங்கிய எவரையும் கேட்டால் சொல்வார்கள்.

ஆகவே கண்டியில் குரலை மீட்பது பற்றிப் பேசுகிறவர்கள் இவற்றைக் கேட்க வேண்டும். தோட்டத்து டிஸ்பென்சரியில் ஒரு டோர்ச்சும் வாய்க் கண்ணாடியும், வருடத்துக்கு ஒருமுறை எல்லார் வாயையும் பார்க்கிற ஆளும். பரிசோதனைக்குப் போகிற நாளுக்கு முழுப் பேர். ராகமையில் களனிப் பல்கலைக்கழகம் பேச்சு சிகிச்சைக்குப் பட்டப்படிப்பு நடத்துகிறது. அங்கே படித்து வெளியேறுபவர்களில் தமிழ் பேசுபவர்களைத் தேடி மலையகத்துக்குக் கொண்டுவர ஓர் ஏற்பாடு. தோட்டத் தமிழில் ஒரு பயிற்சித் தாள். அதில் முதல் சொல் தேத்தண்ணியாக இருக்கட்டும். சத்திரசிகிச்சைக்கு முந்தின நாள், வாட்டில் யாராவது ஒருவர் போனைத் திறந்து, நோயாளியைத் தன் பாஷையில் ஒரு மணிநேரம் பேசவிட்டுப் பதிவுசெய்யட்டும். நண்பர் சொன்ன அந்த இயந்திரம் என்றாவது வந்தால் அதற்குக் கொடுக்க ஏதாவது இருக்கும். வராவிட்டாலும் பேத்திக்கு இருக்கும்.

அன்றைய பஸ்ஸில் பெரியம்மா இரண்டாவது தடவையும் சொன்னார். இந்த முறை பையனின் தோளைத் தட்டி, சத்தமாக. நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவன் வெட்கப்பட்டான், போனின் சத்தத்தை நிறுத்திவிட்டு, சீட்டில் முழங்காலை மடித்து ஏறி, காதை அவர் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்தான். "இன்னொருக்கா சொல்லுங்க அம்மாயி, மெதுவா." பெரியம்மா முந்தானையை எடுத்துவிட்டு மூன்றாம் தடவை சொன்னார். உதட்டில் பிறக்கிற 'ம' மட்டும் தெளிவாக வந்தது. அவன் கொஞ்சம் யோசித்தான்.

"மழையா? கண்ணாடிய மூடவா?"

பெரியம்மா தலையை ஆட்டினார். தோளும் மடியும் ஏற்கெனவே நனைந்திருந்தன. பேராதனைச் சந்திவரைக்கும் அவன் அவரிடம் ஏதேதோ கேட்டுக்கொண்டே வந்தான்.